சின்னையாவைச் சாகவிடாத பத்து வருடம்

புதிதாகக் கறுப்பு அங்கி மாட்டியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே! ‘இளைய வழக்கறிஞர்களுக்கு ஊக்கமூட்டும் விதமாக ஏதாவது எழுதித் தாருங்கள்’ என்று உங்கள் சங்கத்தார் என்னிடம் வந்து நின்றார்கள். ஊக்கம் வேண்டுமானால் மருந்துக்கடைக்குப் போங்கள், அங்கே டானிக் விற்கிறார்கள். என்னிடம் இருப்பதெல்லாம் நான் செய்த தப்புகள்தான். அவற்றில் நல்ல தரமான ஒன்றை உங்களுக்காகப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறேன். என் சாதனைகளைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் நகராட்சிக் கூடத்தில் மாட்டியிருக்கும் என் படத்தைப் போய்ப் பார்க்கலாம். படத்துக்குக் கீழே இருக்கும் வாசகம் நானே எழுதிக் கொடுத்தது.

நான் தெற்கத்திக்காரன். பாளையங்கோட்டையில் பிறந்து, லண்டனில் சட்டம் படித்து, மலாக்காவில் வந்து விழுந்தவன். ஜப்பான்காரன் வந்து சேர்ந்ததும் நான் படித்த சட்டம் ஒரு மரவள்ளிக் கிழங்குக்குக்கூடப் பெறவில்லை. மூன்றரை வருடம் மலாக்காவின் காஜா பேராங்கில் என் வீட்டுக்குப் பின்னால் கிழங்கு நட்டேன். அதுவும் சரியாக விளையவில்லை. சண்டை முடிந்து நீதிமன்றம் திறந்த அன்று என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் ஊரில் கிடையாது. அடுத்த பத்து வருடத்தில் நகராட்சி மன்றத்துக்கே தலைவன் ஆனேன். ஊரில் ‘மேயர், மேயர்’ என்றார்கள். சட்டத்தில் அப்படி ஒரு பதவியே எங்கள் ஊருக்குக் கிடையாது. அதை நான் ஒரு தடவைகூட யாரிடமும் திருத்திச் சொன்னதில்லை.

நீங்கள் கல்லூரியில் வாதம் செய்யப் படித்திருப்பீர்கள். பாவம். இந்தத் தொழிலில் சோறு போடுவது வாதமல்ல, வாய்தா. வாதம் செய்தால் தோற்கவும் வாய்ப்பு உண்டு. வாய்தா வாங்கினால் அன்றைக்குத் தோல்வி கிடையாது. எதிர்க்கட்சிக்காரன் சலித்துப் போவான், சாட்சிக்கு ஞாபகம் மங்கும், நீதிபதிக்கு மாற்றல் வரும். முடிவெடுக்காமல் இருப்பதை ஒரு கலையாகவே நான் பழகியிருந்தேன். அந்தக் கலையோடு ஒருவன் நகரத்தை ஆளப் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

சண்டை முடிந்த பிறகு எனக்கு வந்த முதல் பெரிய வழக்கு பாக்கியத்தினுடையது. அவள் கணவன் சின்னையா பாசாரில், அதாவது நகராட்சிச் சந்தையில், மசாலாக் கடை வைத்திருந்தான். மிளகாய், மஞ்சள், மல்லி என்று அம்மியில் அரைத்து, உருண்டை பிடித்துப் பாக்கு மட்டையில் அடுக்கி விற்பது. மீன் கறிக்கு என்றால் ஒரு கலவை, கோழிக்கு என்றால் வேறு கலவை. மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் வாங்குவார்கள். ஜப்பான்காரன் ஒரு நாள் சின்னையாவை லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டு போனான். போனவனைப் பற்றித் தகவலே இல்லை. பாக்கியம் தானே அம்மியின் முன்னால் உட்கார்ந்தாள். கடை ஒரு நாள்கூட மூடவில்லை.

திரும்பி வந்த வெள்ளைக்காரச் சந்தை அதிகாரிக்கு நாட்டைச் சீர்படுத்தும் அவசரம். முழங்கால் வரை காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு பாசாரைச் சுற்றி வந்தார். உரிமம் சின்னையா பெயரில் இருக்கிறது, ஆள் எங்கே என்று கேட்டார். உரிமக்காரர் இறந்தால் உரிமமும் அதோடு முடிந்தது, கடை பட்டியலில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போகும் என்பது நகராட்சி விதி. மனைவி மக்கள் என்ற சொற்களே அந்த விதியில் இல்லை. பாக்கியம் ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாள்.

நான் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான். “அவரு செத்துட்டாருன்னு உனக்கு யாராச்சும் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலைங்க லாயரய்யா.”

“அப்ப அவரு உசுரோட இருக்காரு. நாளைக்குக் கோர்ட்டுக்கு வரும்போது பெரிய பொட்டா வெச்சுக்கிட்டு வா. தலையில பூவும் இருக்கணும்.”

அவள் அப்படியே வந்தாள். நான் எழுந்து, “சின்னையா இறந்தார் என்பதற்கு நகராட்சியிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது?” என்று கேட்டேன். நகராட்சியிடம் காலுறை மட்டும்தான் இருந்தது. ஐந்து வாய்தா வாங்கினேன். கடைசியில் நீதிபதி, மரணம் உறுதியாகும் வரை கணவன் சார்பில் மனைவி கடையை நடத்தலாம், கணவன் நிலை பற்றி வருடத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று தீர்ப்பு எழுதினார். பாசாரில் எனக்கு மாலை போட்டார்கள். அடுத்த ஒரு மாதம் தலைகால் புரியாமல் நடந்தேன்.

சில மாதம் கழித்துப் பாக்கியம் இன்னோர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முனியாண்டி என்று பெயர், புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவன். சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பிய மிகச் சிலரில் ஒருவன். கால் முழுக்கப் புண் ஆறிய தழும்பு. என் மேசைக்கு முன்னால் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொன்னான்.

“காலராங்க. ரெண்டே நாளு. நாந்தான் குழி வெட்டினேன். மூங்கிப் பொதரு பக்கத்துல.”

பாக்கியம் அழவில்லை. அவன் ஏற்கனவே வீட்டில் சொல்லியிருப்பான், அங்கே அழுது முடித்திருப்பாள். என்னிடம் அனுமதி கேட்கத்தான் வந்திருந்தாள்.

“கருமாதி பண்ணிடலாமா லாயரய்யா? ஒரு பிடி சோறு வெச்சுக் கும்பிட்டுட்டா மனசு ஆறிப்போவும்.”

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். கணவனுக்குக் காரியம் செய்யலாமா என்று ஒரு பெண் வக்கீலிடம் வந்து கேட்கிறாள். இதில் எனக்கு எதுவுமே விபரீதமாகப் படவில்லை. சட்டத்தைத்தான் யோசித்தேன்.

“பண்ணினா நீயே அத்தாட்சி குடுத்த மாதிரி ஆயிடும்மா. கடை போயிடும். பொட்டை எடுக்காதே. கொஞ்ச நாள் பொறு.”

“எத்தனை நாளு?”

“கொஞ்ச நாள்தான்.”

முனியாண்டிக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, நீ இங்கே வரவும் இல்லை, எதையும் சொல்லவும் இல்லை என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பினேன். அந்த ஜனவரியில் நகராட்சிக்குக் கடிதம் எழுதினேன்: ‘சின்னையா இறந்ததாக எனக்கோ என் கட்சிக்காரருக்கோ இதுவரை எந்தத் தகவலும் இல்லை.’ கீழே என் கையெழுத்து. முதல் வருடம் பேனா கொஞ்சம் தயங்கியது. இரண்டாம் வருடம் என் குமாஸ்தா பழைய நகலைப் பார்த்து அவரே தட்டச்சு செய்துவிட்டார். அதற்குப் பிறகு நான் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதையும் விட்டுவிட்டேன். அப்படி ஒன்பது கடிதம் போனது. ஒரு ஏழைப் பெண்ணுக்கு உதவுகிறோம் என்ற திருப்தியில் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு தேர்தல் வந்தது. உறுப்பினர்கள் என்னைத் தலைவராக்கினார்கள். நாட்டுக்கு மெர்டேக்கா எப்போது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. விடுதலை வருவதற்குள் நாமும் எதையாவது திருத்திவிட வேண்டும் என்று எல்லோருக்கும் கை அரித்தது. எனக்கு அரித்தது பாசாரில். புதுச் சந்தைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பழைய கடைகளில் பாதி, எப்போதோ செத்துப்போன மாமன் சித்தப்பன் பெயர்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஜாலான் பெண்டஹாரா வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஓர் உறுப்பினருக்கே அப்படி மூன்று. உரிமக்காரர் தன் முகத்தை நேரில் காட்டினால்தான் புதுச் சந்தையில் இடம் என்று ஒரு விதியை நானே உட்கார்ந்து எழுதினேன். ஓட்டையே இல்லாத விதி. ஓட்டை கண்டுபிடிப்பவன்தானே அதை எழுதியது!

அதை முன்மொழிந்து நான் பேசிய பேச்சு மறுநாள் பத்திரிகையில் வந்தது. “உலகத்தில் இறந்தவர்கள் வியாபாரம் செய்யும் ஒரே ஊர் மலாக்காதான்!” என்றேன். சபை கைதட்டிச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த நிமிடத்தில் பாக்கியத்தின் ஞாபகம் எனக்குத் துளிகூட வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான்கூட நம்பமாட்டேன். ஆனால் அதுதான் நடந்தது.

கைதட்டாத ஒருவர் என் பக்கத்திலேயே இருந்தார். மன்றச் செயலாளர் நடராஜா. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில், செட்டிகள் கம்பம் என்ற குடியிருப்பில் இருந்தவர். மலாக்காச் செட்டிகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் நம்முடையது, சாமி நம்முடையது, பேச்சு மட்டும் மலாய். அவர் சொன்னதை நான் தமிழாக்கித் தருகிறேன்; ‘ஐயா’ என்பதற்கு அவர் சொல்லும் ‘துவான்’ மட்டும் அப்படியே இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் என் அறைக்கு வந்து ஒரு கோப்பைத் திறந்து வைத்தார். மேலே என் பழைய அலுவலகத்தின் கடிதத்தாள், கீழே என் அழகான கையெழுத்து.

“துவான், புது விதிப்படி இவரும் நேரில் வரவேண்டும்.”

பார்த்ததுமே சின்னையாவின் கோப்பு என்று தெரிந்தது. வெளியில் காட்டிக்கொள்ளாமல், “இவர் வெளியூரில் இருக்கிறார்” என்றேன்.

“எந்த ஊர் துவான்?”

“சயாம் பக்கம்.”

நடராஜா யோசித்தார். “எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முதல் நாள் பர்ச்சு வைப்போம். செத்துப்போனவர்களுக்கு என்னென்ன பிடிக்குமோ எல்லாவற்றையும் இலையில் பரப்பி, சாப்பிடக் கூப்பிடுவோம். என் தகப்பனாருக்குப் பொரித்த மீன் இல்லாவிட்டால் ஆகாது. ஜப்பான்காரன் காலத்தில்கூட எங்கிருந்தோ ஒரு மீன் தேடிப் பிடித்தோம்.” கோப்பைத் தொட்டார். “இவர் உயிரோடு இருந்தால் வீட்டில் சாப்பிடவேண்டும். செத்திருந்தால் இலையில் சாப்பிடவேண்டும். பத்து வருடமாக இவர் எங்கே சாப்பிடுகிறார் துவான்?”

சட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பிரிவு இல்லை. அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பை மூடினேன்.

பாக்கியத்துக்கும் அறிவிப்பு போனது. உரிமக்காரர் முப்பது நாளில் நேரில் வராவிட்டால் புதுச் சந்தையில் இடம் கிடையாது, பழைய கடையும் இடிபடும். அவள் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு காலையில் என் வீட்டுக்கு வந்தாள். பத்து வருடத்தில் அவளுக்கு நரை கண்டிருந்தது. நான் சொன்ன பெரிய பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“இது என்னாங்க லாயரய்யா? நீங்கதான மேயரு? உங்க கவுன்சில்லேருந்தே எனக்கு நோட்டீஸ் வருது.”

“அது பொதுவா எல்லாருக்கும் போறதும்மா. நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்கறேன், பாத்துக்கறேன்னு பத்து வருசம் ஆச்சு. நல்லது கெட்டதுக்குப் போனா, புருசன் எப்ப வருவாருன்னு கேக்கறாங்க. மகளுக்கு மாப்பிள்ள பேசறதுக்கு வர்றவங்க, அப்பா இருக்காரா இல்லியான்னு கேக்கறாங்க. நான் என்னா சொல்றது? ராத்திரி கண்ண மூடுனா, எனக்கு ஏன் சோறு வெக்கலைன்னு அந்த மனுசன் வந்து நிக்குது. நாட்டுக்கே மெர்டேக்கா வரப்போவுதுங்கறாங்க. அவருக்குச் சாவுறதுக்கு மட்டும் பெர்மிட் கெடைக்க மாட்டேங்குதா?”

“இத்தனை வருஷம் பொறுத்தே. இன்னும் கொஞ்சம்...”

“கடை போனாலும் பரவால்லைங்க. மகளும் நானும் எதாச்சும் பண்ணிப் பொழச்சுக்குவோம். எனக்கு ஒரு முடிவு சொல்லுங்க.”

அடுத்த கூட்டத்தில் கட்டாயம் முடிவு சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபோது மனதாரத்தான் கொடுத்தேன்.

முடிவு எடுப்பதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். சின்னையா இறந்துவிட்டார், கடையை மனைவி பெயருக்கு மாற்றலாம் என்று தலைவர் சொன்னால் முடிந்தது. ஆனால் யாராவது ஓர் உறுப்பினர், “தலைவருக்கு இது எப்போது தெரியும்?” என்று கேட்டுவிட்டால்? கோப்பில் ஒன்பது கடிதம் இருக்கிறதே! பொய் எழுதிக் கொடுத்த வக்கீல் என்று அங்கியைக் கழற்றிவிடுவார்கள். தலைவர் நாற்காலியும் போகும். ஜவுளிக்கடைக்காரர் ஏற்கனவே மூன்று கடையை இழந்த எரிச்சலில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக ஒரு பக்கம் அவள் கடையும் அவள் கணவனின் காரியமும், இன்னொரு பக்கம் என் பெயர். நான் பழகிய கலை கைகொடுத்தது. முதல் கூட்டத்தில், மேலும் விவரம் தேவை என்று ஒத்திவைத்தேன். இரண்டாவது கூட்டத்தில், சயாம் அரசுக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்று ஒத்திவைத்தேன். சயாம் அரசுக்கு யாரும் எதுவும் எழுதவில்லை. இரண்டு கூட்டத்திலும் பாக்கியம் பொதுமக்கள் பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவது கூட்டமும் வந்தது. காலை பத்து மணி. இந்தத் தடவை என்ன காரணம் சொல்லி ஒத்திவைப்பது என்று யோசித்தபடியே உள்ளே நுழைந்தேன். பெஞ்சில் பாக்கியம் இருந்தாள். வெளிறிய பருத்திச் சேலை. நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை. ஓடிப்போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, உள்ளதைச் சொல்கிறேன்.

அவளுடைய கோப்பின் முறை வந்ததும் நடராஜா எழுந்தார். “துவான், இந்த அம்மாள் மன்றத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். தமிழில் இருக்கிறது. எனக்குத் தமிழ் படிக்க வராது. தலைவர்தான் வாசித்து மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும்.”

சபையில் மலாய்க்காரர், சீனர், ஒரு வெள்ளைக்காரர் என்று பலர் இருந்தார்கள். என்னைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர்தான். அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “வாசிங்க, வாசிங்க. எதுவும் விட்டுப்போனா நான் சொல்றேன்” என்றார். என் கண் எதிரேயே என் அங்கி கழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

‘கவுன்சில் பெரியவர்களுக்குப் பாக்கியம் எழுதிக்கொள்வது. என் வீட்டுக்காரர் சின்னையா சயாமில் இறந்துபோனார். கூட இருந்து புதைத்தவர் திரும்பி வந்து சொன்னதில் எனக்கு அப்போதே தெரியும். கடை போய்விடும் என்று பயந்து நான் யாரிடமும் சொல்லவில்லை. லாயர் ஐயாவிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. நேற்றுக் காலை கடற்கரையில் காரியம் முடித்தாயிற்று. இனிமேல் கவுன்சில் எது செய்தாலும் சரி.’

மகள் எழுதியிருக்க வேண்டும்; கீழே பாக்கியத்தின் கைநாட்டு. ‘லாயர் ஐயாவிடமும் சொல்லவில்லை’ என்ற வரியை நான் தமிழில் வாசித்து, பிறகு ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். குரல் பிசிறவே இல்லை. ஜவுளிக்கடைக்காரர் தாளை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, முகம் தொங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தார்.

“பத்து வருசமா கவுன்சில ஏமாத்தியிருக்கு இந்த அம்மா. கடையப் புடுங்கி அடுத்த ஆளுக்குக் குடுங்க. போலீசுக்கும் சொல்லுங்க” என்றார்.

நான் எழுந்தேன். தம்பிகளே, தங்கைகளே, அன்று நான் பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. கணவனைப் பறிகொடுத்த பெண்ணைக் குற்றவாளியாக்குவதற்காகவா நாம் விடுதலை கேட்கிறோம் என்று கேட்டேன். பத்து வருடம் அந்த அம்மியில் அரைத்த கை யாருடைய கை என்று கேட்டேன். பொய் சொன்னது அவளா, அவளைப் பொய் சொல்ல வைத்த விதியா என்று மேசையைத் தட்டினேன். பொய் சொல்ல வைத்த வேறு யாரையும் பற்றி நான் குறிப்பிடவில்லை. உரிமக்காரர் இறந்தால், கடையை நடத்திவரும் மனைவியின் பெயருக்கே உரிமத்தை மாற்றிக் கொடுக்கலாம் என்று அங்கேயே ஒரு தாளில் எழுதி முன்மொழிந்தேன். எல்லாக் கையும் உயர்ந்தது. சபையின் போக்கைப் பார்த்து ஜவுளிக்கடைக்காரரும் கையைத் தூக்கினார். வெள்ளைக்கார உறுப்பினர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆறு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நடராஜா தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதி என் முன்னால் கையெழுத்துக்கு வைத்தார்.

“நாலே வரிதான் துவான்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாலு வரியை நான் தலைவரான முதல் வாரமே எழுதியிருக்கலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் வேகமாக வெளியே வந்தேன். பாக்கியம் படிக்கட்டில் வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல வருபவர்களைப் பார்ப்பதற்கென்று நான் தனியாக ஒரு முகம் வைத்திருப்பேன், பதவியில் இருப்பவர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். அந்த முகத்தோடு அவளிடம் போனேன். உள்ளுக்குள் நிஜமாகவே உருகிப்போயிருந்தேன். என்னைக் காப்பாற்ற இந்த ஏழைப் பெண் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாளே என்று கண் கலங்கியது.

“பாக்கியம், என்னைக் காப்பாத்தறதுக்காக நீ பொய் எழுதணுமா? எவ்வளவு பெரிய மனசும்மா உனக்கு!”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி இல்லை, கோபமும் இல்லை.

“உங்கள எதுக்குங்க நான் காப்பாத்தணும்?”

“பின்னே, எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு எழுதியிருந்தியே?”

“ரெண்டு கூட்டத்துலயும் பின்னால குந்திப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க கடை முறை வந்ததும் உங்க கை போயி அந்த ஃபைல மூடுது. மொத தடவையும் மூடுச்சு, அடுத்த தடவையும் மூடுச்சு. அதுல அப்படி என்னாதான் இருக்குன்னு நடராஜா அண்ணன்கிட்ட மலாய்ல கேட்டேன். உங்க கையெழுத்து இருக்குன்னாரு. அப்பதான் எனக்கு வெளங்குச்சு. உங்க பேரு அதுல இருக்கிற வரைக்கும் அந்த மனுசன நீங்க சாக விடமாட்டீங்க. அதான் உங்க பேர எடுத்து விட்டேன்.”

ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, “போலீஸ்ல புடிச்சுக் குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பே?” என்று கேட்டேன்.

“போலீசு வந்தா முனியாண்டியக் கூட்டி வெச்சுக் கேக்கும். அவரு, லாயரய்யா எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்தாருன்னு சொல்லிப்புடுவாரு. நீங்க அதுக்கு விடுவீங்களா?” என்றாள் சாதாரணமாக. “வர்றேங்க. புதுக்கடைக்கு அம்மி தூக்கறதுக்கு ஆளு சொல்லணும்.”

அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பாசார் பக்கமாக நடந்தாள். நான் படிக்கட்டிலேயே நின்றேன். வழியில் போனவர்கள் ‘மேயர் வணக்கம்’ என்றார்கள். பதிலுக்கு நானும் கை கூப்பினேன்.

இதிலிருந்து பாடம் எடுத்துச் சொல்லும்படி உங்கள் சங்கத்தார் கேட்டிருக்கிறார்கள். ஒரு பேச்சில் நீங்கள் வீராவேசமாக முழங்கினால், அந்த நிமிடத்தில் அதனால் உங்களுக்கு ஏதாவது போகுமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். போகாது என்றால் அதற்குத் தைரியம் என்று பெயர் வைக்கவேண்டாம். பாக்கியம் அன்று ஒரு கைநாட்டில் கடையைப் பணயம் வைத்தாள், தன்னையும் வைத்தாள். நான் என் நாக்கை மட்டும் வைத்தேன்.

அன்றைய கூட்டக் குறிப்பு இன்னும் நகராட்சி அலமாரியில் இருக்கும். சின்னையா இறந்த விவரம் தலைவருக்குத் தெரியாது என்று தலைவரே வாசித்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. அது பொய். எனக்குத் தெரியும். பத்து வருடமாகத் தெரியும். அதைத் திருத்தி இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். பாக்கியம் காலமாகிவிட்டாள், நடராஜாவும் இல்லை, நானும் அங்கியைக் கழற்றி வைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. இனி இதைச் சொல்வதால் எனக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் சொல்கிறேன்.